ஏடும் அச்சும் மின்னூலும்

நூலைத் தாளில் படிப்பது நன்றா, திரையில் படிப்பது நன்றா என்னும் வினா இன்று வீடுதோறும் எழுகின்றது. முதியோர் பெரும்பாலும் தாளின் பக்கம் நிற்கின்றனர். இளையோர் திரையின் பக்கம் நிற்கின்றனர். விருப்பம் அவரவர்க்கு உரியது. ஆயினும், உப்புக்காற்றும் கறையானும் நூல்களை அரிக்கும் தீவகத்தில் வாழும் எமக்கு இது விருப்பத்தோடு முடியும் செய்தியன்று. எந்த நூல் எஞ்சி நிற்கும் என்பதும் உடன் ஆராயத்தக்கது.

ஒரு வடிவத்தினின்று மற்றொன்றுக்கு மாறுவது தமிழுக்குப் புதியதன்று. சிறுப்பிட்டியில் 1832இல் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை சுவடிகளைத் தேடித் தொகுத்து, கலித்தொகையை 1887இல் அச்சேற்றினார். ஓலையின்மேல் வெறுப்புற்று அவர் அதனைச் செய்தாரல்லர். ஏடுகள் நாள்தோறும் அழிவதைக் கண்ட கவலையே அவரை அப்பணிக்கு ஏவியது. ஒரு பிரதி அழியினும் பிறிதொன்று எஞ்சும் என்பதே அச்சு அளித்த பெரும்பயன்.

ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பொனில் 1913இல் பிறந்த தனிநாயகம் அடிகள், தமிழின் முதல் அச்சுநூல்களைப் பற்றித் தமிழுலகுக்கு எடுத்துரைத்தவர்களுள் ஒருவர். கொல்லத்தில் 1578இல் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ பதினாறே பக்கங்கள் கொண்டது. அதன் பிரதி கடல்கடந்து அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் தங்கியமையால் அன்றோ இன்று நாம் அதனை அறிகின்றோம்!

இதற்கு மாறான அனுபவமும் எமக்குண்டு. 1981 ஆம் ஆண்டு மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது, ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. கட்டடம் மீண்டும் எழுந்தது. வேறெங்கும் பிரதி இல்லாதவையோ மீளவில்லை.

2005இல் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும், பத்திரிகைகளையும், பாடசாலை மலர்களையும் படியெடுத்து இணையத்தில் இலவசமாக வழங்குகின்றது. யாழ்ப்பாணம் செல்லப் படகை எதிர்பார்த்திருக்கும் நெடுந்தீவு மாணவனும், தொலைநாட்டில் வாழும் அவன் உறவினரும் ஒரே பக்கத்தை ஒரே வேளையில் படிக்கலாம். கண்ணொளி குன்றியவர் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம்.

எனினும் மின்னூலும் அழியாவரம் பெற்றதன்று. மின்சாரம் இன்றேல் கருவி வாய்மூடிவிடும். 2009இல் அமேசான் நிறுவனம் உரிமைச் சிக்கல் காரணமாக, ஜார்ஜ் ஓர்வெல்லின் இரு நூல்களை வாங்கியோரின் கருவிகளினின்றே நீக்கியது. விலை திரும்பக் கிடைத்தது. நூல் கையைவிட்டுப் போயிற்று. அலுமாரியில் உள்ள நூலை அவ்வாறு எவரும் தொலைவிலிருந்து எடுத்துவிட இயலாது.

என் விருப்பத்தைக் கேட்பின், ஆழ்ந்து கற்பதற்கு அச்சுநூலையே நாடுவேன். பக்க ஓரத்தில் பென்சிலால் குறித்த குறிப்பு, பல்லாண்டு கழிந்த பின்னும் என்னோடு உரையாடுகின்றது. ஆனால் காப்பதற்கு ஒன்று போதாது என்பதை 1981 எமக்குக் கற்பித்துவிட்டது.

ஆதலின் நேயர்களே, உங்கள் வீட்டுப் பெட்டியில் பழைய ஊர் மலரோ, கோயில் வரலாறோ, பாட்டனார் எழுதிய குறிப்பேடோ இருப்பின், அதனை இவ்வாண்டிலேயே படியெடுக்கச் செய்யுங்கள். படியெடுத்தபின் மூலத்தை எறிந்துவிடாதீர்கள். தாளில் ஒன்றும் திரையில் ஒன்றுமாக இருவகையிலும் அது வாழட்டும்.