கடைக்காரர் போட்ட மெயில் ஐடி

பாஸ்வேர்டு மறந்துபோய் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சர்வீஸ் கடைக்குப் போனால், "எந்த மெயில் ஐடி போட்டிருக்கீங்க?" என்றுதான் முதலில் கேட்பார்கள். "வாங்கும்போது கடையிலேயே ஏதோ போட்டுக் கொடுத்தாங்க" என்று பதில் சொன்னால், விவரம் தெரிந்த மெக்கானிக் அங்கேயே உதட்டைப் பிதுக்கிவிடுவார். மறந்த பாஸ்வேர்டை மாற்றிவிடலாம். யாருடையது என்றே தெரியாத மெயில் ஐடியை என்ன செய்வது?

முன்பெல்லாம் பாஸ்வேர்டு தெரியாவிட்டாலும் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி இன்னொரு கணினியில் மாட்டினால் கல்யாணப் படங்கள் அப்படியே வந்துவிடும். கடைக்காரர்கள் இன்றும் அந்த நினைப்பில்தான் "பார்த்துக்கலாம் சார்" என்கிறார்கள். ஆனால் 2024இல் விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு வந்த பிறகு, புதிதாக நிறுவப்படும் பெரும்பாலான கணினிகளில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு உள்ளே நுழைந்ததுமே டிஸ்க் முழுவதும் தானாகக் குறியாக்கம் ஆகிவிடுகிறது. வீட்டு உபயோகத்துக்கான ஹோம் பதிப்பும் இதற்கு விலக்கில்லை. இதன் சாவி 48 இலக்க எண். அது அந்த மைக்ரோசாஃப்ட் கணக்கிலேயே போய் உட்கார்ந்துகொள்கிறது. அதாவது, கடைப் பையன் அவசரத்தில் உருவாக்கிய, அவன் செல் எண்ணைக் கொடுத்துத் திறந்த கணக்கில்!

பாஸ்வேர்டு நன்றாக நினைவிருக்கிறவர்களும் இதில் மாட்டலாம். மதர்போர்டை மாற்றினாலோ, சில சமயம் பயாஸ் அப்டேட் செய்தாலோகூட நீலத் திரை வந்து அந்த 48 எண்களைக் கேட்கும். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் தவறான அப்டேட்டால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. அவற்றைச் சரிசெய்ய உட்கார்ந்த பல பெரிய நிறுவனங்களின் ஐடி ஆட்களே இந்தச் சாவியைத் தேடித் திண்டாடினார்கள்.

சரி, பூட்டிக்கொண்டுவிட்டது. முதலில் கேப்ஸ் லாக், நம் லாக் இரண்டையும் பாருங்கள். தமிழில் தட்டச்சு செய்கிறவர்கள் திரையின் மூலையில் எந்த விசைப்பலகை இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். தமிழ் 99 விழுந்திருந்தால் சரியான பாஸ்வேர்டும் தப்பாகத்தான் போகும். பாஸ்வேர்டு கட்டத்தின் ஓரத்திலுள்ள கண் படத்தை அழுத்தினால் என்ன அடித்திருக்கிறோம் என்பது தெரிந்துவிடும். பின் எண்ணைப் பல முறை தவறாகப் போட்டால் 'ஏ1பி2சி3' என்று ஆங்கிலத்தில் அடிக்கச் சொல்லும். பயப்பட ஒன்றுமில்லை. தவறாக அடித்ததற்காக விண்டோஸ் கோப்புகளை அழித்துவிடாது, கொஞ்ச நேரம் காத்திருக்க வைக்கும், அவ்வளவுதான்.

அடுத்து, கைபேசியிலிருந்தே மைக்ரோசாஃப்ட் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றலாம். மாற்றியதும் லேப்டாப்பைப் பூட்டுத் திரையிலேயே வைஃபையில் இணைக்க வேண்டும். இணையம் இல்லாவிட்டால் புதிய பாஸ்வேர்டு ஏற்காது. பலர் இந்த இடத்தில்தான் "மாத்தியும் வேலை செய்யலையே" என்று கைவிடுகிறார்கள். ஓடிபி கடைக்காரர் எண்ணுக்குப் போகிறது என்றால், பில்லை எடுத்துக்கொண்டு அந்தக் கடைக்கே போங்கள். அவர் முன்னால் உட்கார்ந்து ஓடிபி வாங்கி நுழைந்த கையோடு செல் எண், மாற்று மெயில் இரண்டையும் உங்களுடையதாக மாற்றுங்கள். பழைய எண் எதுவுமே கையில் இல்லாமல் புதிய விவரங்களைக் கொடுத்தால் மைக்ரோசாஃப்ட் 30 நாள் காக்க வைக்கும். அந்த ஒரு மாதத்தில் பொறுமை இழந்து ஃபார்மேட் செய்துவிடாதீர்கள்.

நீலத் திரை வந்துவிட்டதா? அதில் சாவியின் அடையாள எண்ணும் தெரியும். அதைக் குறித்துக்கொண்டு வீட்டில் எல்லோருடைய மைக்ரோசாஃப்ட் கணக்குகளிலும் நுழைந்து சாதனங்கள் பகுதியில் ஒப்பிட்டுப் பாருங்கள். மகளின் கல்லூரி மெயில், அலுவலக மெயில் எதையும் விடாதீர்கள். கல்லூரி அல்லது அலுவலகக் கணக்கு என்றால் அங்குள்ள ஐடி பிரிவிடம் சாவி இருக்கலாம். எங்கேயும் இல்லையென்றால் கோப்புகள் போனவைதான். தொலைந்த சாவியைத் தங்களாலும் எடுத்துத் தர முடியாது என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது. "நாங்க உடைச்சுத் தர்றோம், பத்தாயிரம் ஆகும்" என்கிறவரை நம்பி முன்பணம் கொடுக்காதீர்கள். கோப்புகள் போனாலும் லேப்டாப் பிழைக்கும். 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் விண்டோஸை இலவசமாக இறக்கி மீண்டும் நிறுவிக்கொள்ளலாம். லேப்டாப்போடு வந்த உரிமம் மதர்போர்டோடு சேர்ந்தது. அதற்குத் தனியாக ஒரு தொகை கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

பயாஸ் பாஸ்வேர்டு மறந்தால் கதை வேறு. லெனோவோ திங்க்பேட் போன்றவற்றில் மதர்போர்டையே மாற்ற வேண்டியிருக்கும். ஆப்பிள் மேக்கில் ஆக்டிவேஷன் லாக் விழுந்துவிட்டால், அசல் பில் இருந்தால்தான் நிறுவனம் பரிசீலிக்கும். பில்லைப் படமெடுத்து மெயிலில் போட்டு வையுங்கள்.

அவசரத்தில் கூகுளில் கஸ்டமர் கேர் எண் தேடுவதுதான் இதிலேயே பெரிய ஆபத்து. மேலே வரும் எண் மோசடிக்காரனுடையதாக இருக்கலாம். தூரத்திலிருந்தே இயக்கவிடும் எனிடெஸ்க் போன்ற செயலியைக் கைபேசியில் போடச் சொல்வான், பத்து ரூபாய் கட்டச் சொல்வான், அடுத்த நிமிடம் வங்கிக் கணக்கு காலி. லேப்டாப் பாஸ்வேர்டை மாற்ற யாருக்கும் உங்கள் வங்கி ஓடிபி தேவைப்படாது. பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். ரிசர்வ் வங்கியின் விதிகளின்படி, நம் கவனக்குறைவால் போன பணம் நம் தலையில்தான். ஆனால் புகார் கொடுத்த பிறகு போகும் பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு. அதனால் ஒவ்வொரு நிமிடமும் காசு.

சர்வீஸ் கடையில் விடும்போது கோளாறு, தேதி, மதிப்பீட்டுத் தொகை எழுதிய ரசீது கேளுங்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(47) பிரிவு, பில் தராததை முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. நம்பிக் கொடுத்த தனிப்பட்ட விவரங்களைப் பிறரிடம் வெளியிடுவதும் அதே பட்டியலில் வருகிறது. படங்களைத் திருடிப் பார்த்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகளும் சேரும். மூன்று ஆண்டுவரை சிறை உண்டு. புகார் செய்ய முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண். அதில் சரிவரவில்லை என்றால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் ரூபாய் வரையான வழக்குக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும்.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் அதே 43ஆம் பிரிவு வீட்டுக்குள்ளும் செல்லும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. மனைவிக்குத் தெரியாமல் அவருடைய லேப்டாப்பைக் கடைக்காரரை வைத்துத் திறக்கும் கணவரும் அனுமதியின்றி நுழைந்தவர்தான்.

இறந்தவருடைய லேப்டாப் என்றால் நிலைமை இன்னும் சங்கடமானது. 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தன் 14ஆம் பிரிவில் நாமினி நியமிக்கும் உரிமையைப் பேசுகிறது. நடைமுறையில், அவர் பாஸ்வேர்டை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. ஓடிபி வர வேண்டிய அவருடைய சிம்மை மட்டும் அவசரப்பட்டு ரத்து செய்யாமல் வாரிசு பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

பழைய லேப்டாப் வாங்குகிறவர்கள், விற்பவர் உங்கள் கண்ணெதிரே தன் கணக்கை நீக்கி ரீசெட் செய்த பிறகே பணம் கொடுங்கள். "பாஸ்வேர்டு மறந்துடுச்சு, அதான் சல்லிசா தர்றேன்" என்று பில்லும் இல்லாமல் நீட்டினால் வாங்கவே வாங்காதீர்கள். திருட்டுப் பொருள் என்று நம்பக் காரணம் இருந்தும் வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவு வாங்கியவர் மீதும் பாயும்.