கராஜுக்குப் போக விரும்பும் பிள்ளை

நண்பரின் மகனுக்குப் பதினாறு வயது. ஜேர்மனியில் றியால்சூல பத்தாம் வகுப்பு. கார் திருத்தும் தொழில் பழகப்போகிறேன் என்கிறான். "நீங்கள் கம்பசில படிப்பிச்சனீங்கள், நீங்கள் சொன்னாக் கேப்பான்" என்று நண்பர் என்னை அழைத்தார். முன்னாள் விரிவுரையாளன், இந்நாள் தொழிற்சாலை இரவு வேலையாள். படிப்பின் பெருமையைச் சொல்ல நல்ல ஆளைத்தான் பிடித்தார்!

போனேன். பையன்தான் பேசினான். ஒன்பதாம் வகுப்பில் பாடசாலை அனுப்பிய இரண்டு வாரப் பயிற்சியில் ஒரு கார் வந்ததாம். சில நாள் ஓடாமல் நின்றால் பற்றரி இறங்கிவிடும். புதுப் பற்றரி போடவில்லை. காரைப் பூட்டி, உள்ளிருக்கும் கணினிகள் உறங்கும்வரை அரைமணி நேரம் காத்திருந்து, கசியும் மின்னோட்டத்தை அளந்தார்கள். வழமையாக 50 மில்லி அம்பியருக்குள் இருக்க வேண்டியது அரை அம்பியராக இருந்தது. 60 அம்பியர்-மணிப் பற்றரி 120 மணித்தியாலத்தில், அதாவது ஐந்து நாளில், வெறுமையாகும். பியூசைக் கழற்றினால் உறங்கும் கணினி விழித்துவிடலாம் என்பதால், ஒவ்வொரு பியூசுக்கும் குறுக்கே மின்னழுத்த வீழ்ச்சியைப் பார்த்துக் குற்றவாளியைக் கண்டுபிடித்தார்கள். ஓமின் விதியை நான் பரீட்சைக்கு மனனம் செய்தவன்.

எம்மவரில் பலர் அவுஸ்பில்டுங் என்றால் கிம்னாசியத்துக்குத் தகுதியற்றோர் போகுமிடம் என்றே எண்ணுகிறோம். உண்மையில் மாணவன் ஒப்பந்தம் செய்வது பாடசாலையுடன் அல்ல, ஒரு கராஜுடன். மூன்றரை வருடம். வாரத்தில் ஓரிரு நாள், அல்லது சில வாரங்கள் சேர்த்து, தொழிற்பாடசாலை. அங்கே தொழிற்பாடங்களோடு ஜேர்மனும் அரசியலும் உண்டு. இதற்கு வழிவகுத்தவர்களில் முக்கியமானவர் மியூனிக் நகரக் கல்வி அதிகாரியாயிருந்த கேர்ஷன்ஸ்ரைனர். கராஜ் மாதப்படி கொடுக்கும். 2020இல் முதலாம் ஆண்டுக்கு 515 யூரோ என்று தொடங்கிய சட்டபூர்வக் குறைந்தபட்சம் பின்னர் உயர்ந்து வந்திருக்கிறது. இறுதி மதிப்பெண்ணில் 35 வீதம் இடையில் வரும் முதற் பரீட்சைக்கு, 65 வீதம் கடைசிப் பரீட்சைக்கு. 2003இல் மெக்கானிக்கையும் மின்வேலைக்காரரையும் ஒரே தொழிலாக்கி மெக்கற்றோனிக்கர் என்றார்கள். 2013இலிருந்து உயர் மின்னழுத்தத் துறையையும் தெரியலாம். மின்கார்களுக்கு அது வேண்டும். மைஸ்ரர் பட்டம் பெற்றவர் பல்கலைக்கழகம் புகலாம் என்று மாநிலக் கல்வி அமைச்சர்கள் 2009இல் முடிவெடுத்தார்கள். நண்பருக்கு இந்தக் கடைசி வரி மட்டும்தான் காதில் விழுந்தது.

அவருடைய பயம் வேறு, எனக்குத் தெரியும். கையில் எண்ணெய் பட்ட மனிதனை எங்கே உட்கார வைப்பது என்பதை யாழ்ப்பாணத்தில் சாதி தீர்மானித்தது. அந்தக் கணக்கை விமானத்தில் ஏற்றிக் கொண்டுவந்திருக்கிறோம். முற்போக்குக் கூட்டங்களில் உழைப்பைப் போற்றிப் பேசிய நானும்தான். தொழிற்சாலைச் சீருடையோடு தமிழ்க் கடைக்குள் போக எனக்கு இரண்டு வருடம் எடுத்தது.

ஆனால் பையனுக்கு உண்மையான தடை வேறிடத்தில் இருக்கிறது. 2014இல் இங்குள்ள ஒருங்கிணைவு, குடிபெயர்வு பற்றிய நிபுணர் சபையின் ஆய்வுப்பிரிவு ஒரு சோதனை செய்தது. தகுதி ஒன்றாயிருக்க, பெயரை மட்டும் மாற்றி இரண்டு தொழில்களுக்கு விண்ணப்பம் அனுப்பினார்கள். ஒன்று அலுவலகத் தொழில், மற்றது இதே மெக்கற்றோனிக்கர். ஒரு நேர்முகத்துக்கு ஜேர்மன் பெயருக்கு ஐந்து விண்ணப்பம் போதும், துருக்கிப் பெயருக்கு ஏழு வேண்டும். சிறிய நிறுவனங்களில் வேறுபாடு இன்னும் கூட. எங்கள் நீண்ட பெயர்களுக்கு யாரும் கணக்கெடுக்கவில்லை.

அவன் இதுவரை பதினொரு விண்ணப்பம் எழுதியிருக்கிறான். இரண்டுக்குப் பதில் வந்தது. பன்னிரண்டாவதைப் பிழை பார்த்துத் தரச்சொல்லி நண்பர் என்னிடம் நீட்டினார். அவனுடைய ஜேர்மன் என்னுடையதைவிட நல்லது. படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.