கொச்சி யூதப் பெண்களின் பாட்டு நோட்டு

நம் ஊர்க் கல்யாணங்களில் நலங்குக்குப் பெண்கள் பாடுவது தெரிந்ததுதான். கொச்சி யூதர் கல்யாணங்களிலும் பாட்டு பெண்களுடையதே. ஆனால், ஆண்கள் காதில் விழும்படி பெண்கள் பாடக் கூடாது என்பது கட்டுப்பாடான யூத மரபு. கொச்சியில் அது எடுபடவில்லை. ஆண்கள் கேட்டுக்கொண்டிருக்க, பெண்கள் கணீரென்று மலையாளத்தில் பாடினார்கள். பைபிள் கதைகள், ஜெப ஆலயம் கட்டிய செய்தி, மணப்பெண்ணுக்கு வாழ்த்து என எல்லாம் அவர்களுடைய கையெழுத்து நோட்டுகளில் தலைமுறை தலைமுறையாக வந்தன.

கேரளத்து ஜெப ஆலயங்களில் இன்னொரு விசேஷம்: வேதம் வாசிக்க மாடியில் இரண்டாவது மேடை, பெண்கள் அமரும் பகுதியை ஒட்டியே. வாசித்தவர்கள் என்னவோ ஆண்கள்தான்!

1912இல் கொச்சியில் பிறந்த ரூபி டேனியல், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கடற்படையில் வேலை பார்த்தவர்; 1951இல் இஸ்ரேலில் குடியேறினார். முதுமையில் உட்கார்ந்து இந்தப் பாட்டுகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். மானுடவியலாளர் பார்பரா ஜான்சனுடன் சேர்ந்து அவர் எழுதிய நினைவு நூல் 1995இல் வெளிவந்தது. 2004இல் ஜெருசலேமில் இப்பாட்டுகள் குறுந்தகடாகவும் வந்தன.