காது கருகும், வயிறு வேகாது

ஒன்பதாம் வகுப்பில் கனச்சதுரத்தின் புறப்பரப்பு, கனஅளவு சூத்திரங்களைப் பிள்ளைகள் கடகடவென ஒப்பிக்கிறார்கள். இரண்டுக்கும் என்ன உறவு என்று கேட்டால் விழிக்கிறார்கள். பத்தாம் வகுப்பில் அளவியல் கணக்கையே தொடாமல் விட்டுவிடுகிறவர்கள் பெரும்பாலும் இவர்கள்தான். அதற்காகவே வகுப்பில் முயல் வடிவக் கேக் சுட்டேன்.

முழு உருவம் வர, இரண்டு பாதிகளாகப் பிரியும் அச்சு வேண்டும். பிரான்சின் அல்சாஸ் பகுதியில் ஈஸ்டருக்கு ஆட்டுக்குட்டிக் கேக்கை இத்தகைய சுடுமண் அச்சில் சுடுவது வழக்கம். தருமபுரியில் நமக்குக் கேழ்வரகு இருக்கிறது. ஆனால் அதில் குளூட்டன் இல்லை. தனியாகச் சுட்டால் காது ஒடிந்து கையோடு வந்துவிடும். பாதிக்குப் பாதி கோதுமை மாவு சேர்த்தேன். பழைய குக்கரில் மணல் பரப்பி, கேஸ்கட்டையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு, சிறு தீயில் வைத்தால் போதும். கீழ்ப்பாதியில் மட்டும் மாவை நிரப்பி மேல்பாதியைக் கவிழ்க்க வேண்டும். மாவு உப்பி மீதி இடத்தை நிறைத்துக்கொள்ளும். ஆவி போக மேலே ஒரு துளை அவசியம். (அடுப்புப் பக்கம் ஆசிரியர் மட்டுமே நிற்க வேண்டும்.)

வேண்டுமென்றே சற்று முன்னதாக எடுத்து, முயலை நீளவாக்கில் அறுத்தேன். காது மொறுமொறுவென்று சிவந்திருந்தது. வயிற்றில் மாவு இன்னும் ஈரம். “ஒரே அடுப்பு, ஒரே நேரம், ஏன் இப்படி?” என்று கேட்டுவிட்டுக் கரும்பலகைக்குப் போனேன்.

பக்கம் 2 செ.மீ. உள்ள கனச்சதுரத்தின் மொத்தப் புறப்பரப்பு 24 ச.செ.மீ., கனஅளவு 8 க.செ.மீ.; விகிதம் 3. பக்கம் 4 செ.மீ. ஆனால் 96, 64, விகிதம் 1.5. உருவம் பெருக்கப் பெருக்க, உள்ளிருக்கும் மாவுக்கு வெப்பம் நுழையும் வாசல் குறைகிறது. தட்டையான மெல்லிய காதுக்கோ எல்லாப் பக்கமும் வாசல்தான். சிறிய அச்சுகளில் கேக் சீராக வேகும் ரகசியமும் இதுவே.

இதைத் திருப்பியும் காட்டலாம். எல்லைக்கு அந்தப் பக்கம், கர்நாடகத்தில், சங்கராந்திக்கு மர அச்சில் பாகு ஊற்றிச் சர்க்கரை பொம்மைகள் செய்கிறார்கள். அங்கே மெல்லிய பகுதி முதலில் ஆறி இறுகும், நடுப்பகுதி கடைசியில். வெப்பம் சீக்கிரம் நுழையும் இடத்தில்தான் சீக்கிரம் வெளியேறவும் செய்கிறது.

தொடக்க வகுப்பு ஆசிரியர்கள் கணக்கை விட்டுவிட்டு, அச்சு பிரியும் கோட்டைக் காட்டிச் சமச்சீர் நடத்தலாம்.

ஒகேனக்கல் காட்டு யானை ஏன் காதை வீசிக்கொண்டே இருக்கிறது என்று அடுத்த வகுப்பில் கேட்டேன். மெல்லிய காதில் ஓடும் ரத்தம் குளிர்ந்து உடம்புக்குத் திரும்புகிறது என்று நான் சொல்லும் முன்பே, கடைசி பெஞ்சிலிருந்து பதில் வந்தது: “முயல் காது மாதிரிதானே!”