நுரையீரற் கிருமிகளின் குலமுறை கிளத்தல்

எமது கல்லூரி விழா மலரிலே தமிழாசிரியர் ஒருவர் கிருமிகளைப் பற்றி எழுதப் புகுதல் சிலர்க்கு வியப்பாகத் தோன்றலாம். ஆயினும், இக்கால அறிவியலார் கிருமிகளின் குலமுறையை ஆராயும் வகையும், பதிப்பாசிரியர் ஏட்டுச் சுவடிகளை ஆராயும் வகையும் பெரிதும் ஒத்திருத்தலை யாம் கண்டோம். அவ்வொற்றுமையே இக்கட்டுரையை எழுத எம்மைத் தூண்டிற்று.

1882ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 24ஆந் திகதி, றொபேட் கொக் என்னும் ஜேர்மனிய அறிஞர் சயரோகத்தை விளைக்குங் கிருமியைத் தாம் கண்டறிந்தமையை உலகுக்கு அறிவித்தார். மைக்கோபற்றீரியம் எனப்படும் பெருங்குலத்தில் அஃது ஓர் இனமாம். அக்குலத்தில் இன்று 180க்கு மேற்பட்ட இனங்கள் அறியப்பட்டுள்ளன. சயரோகக் கிருமிகளும் குட்டநோய்க் கிருமிகளும் ஒழிந்த ஏனையவற்றைச் சயரோகஞ் சாராத மைக்கோபற்றீரியங்கள் என்பர். இவை மண்ணிலும், நீரிலும், நீர்க்குழாய்களின் உட்புறத்தே படியும் வழுவழுப்பான படலத்திலும் வாழ்வன. நலமுடையோர்க்கு இவற்றால் தீங்கு நேர்தல் அரிது. நுரையீரல் முன்னரே பழுதுற்றோர்க்கும், நோயெதிர்ப்பாற்றல் குன்றினோர்க்கும் இவை நெடுங்கால நோயை உண்டாக்கும்.

இதனால் விளையும் இடர் யாதெனின், தோற்றத்தால் இவற்றைச் சயரோகக் கிருமியினின்றும் பிரித்தறிதல் இயலாமையே. இருமல், சளி, உடல் மெலிவு ஆகிய குறிகள் இரண்டிற்கும் பொது. சளிக்கு நிறமூட்டி நுணுக்குக்காட்டியிற் பார்த்தால், இருவகைக் கிருமிகளும் ஒரே வகையான சிவந்த கோல்களாகவே தோன்றும். மருந்தோ வேறு. சயரோகத்துக்கு வழங்கப்படும் ஐசோநயசிட்டும் பிறசினமைட்டும் மைக்கோபற்றீரியம் அப்செசஸ் என்னும் கிருமியிடத்துப் பயன்படா. பெயர் பிழைப்பின் மருந்தும் பிழைக்கும், மாதங்கள் வீணே கழியும், நோயும் முற்றும்.

1959ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் ஏணஸ்ட் றன்யன் இக்கிருமிகளை நான்காக வகுத்தார். ஒளி பட்டபின் மஞ்சள் நிறம் பெறுவன, இருளிலும் நிறம் பெறுவன, நிறம் பெறாதன, ஏழு நாட்களுக்குள் விரைந்து வளர்வன என்பன அவை. இப்பாகுபாடு பல்லாண்டு பயன்பட்டது. எனினும், மெல்ல வளர்வனவற்றை வளர்த்துக் காண வாரங்கள் பல வேண்டும். அவ்வாறு கண்டபோதும் கூட்டம் தெரியுமேயன்றி இனம் துணிதற்கு மேலும் பல சோதனைகள் வேண்டியிருந்தன.

பின்னர் அறிவியலார் கிருமியின் புறத்தோற்றத்தை விடுத்து, அதனுள் எழுதப்பட்டிருக்கும் டீ.என்.ஏ. என்னும் ஏட்டைப் படிக்கத் தலைப்பட்டனர். அவ்வேட்டின் எழுத்துக்கள் நான்கே. 1993இல் தெலெந்தி என்பாரும் அவர்தங் குழுவினரும் ஒரு வழி கூறினர். எல்லா மைக்கோபற்றீரியங்களிலும் காணப்படும் பரம்பரையலகு ஒன்றிலிருந்து 441 எழுத்துக்கொண்ட பகுதியை எடுத்துப் பலகோடியாகப் பெருக்கி, இரு நொதியங்களால் வெட்டி, துண்டுகளின் நீளத்தைக் கொண்டு இனத்தைத் துணிதல் அம்முறையாகும். நாளடைவில் எழுத்துக்களையே வரிசையாக வாசித்தல் எளிதாயிற்று.

ஓர் எழுத்து மாறினும் பொருள் மாறும் என்பதை யாம் வகுப்பறையில் நாடோறும் கற்பிக்கின்றோம். கிருமியின் ஏட்டிலும் அஃது உண்மை. அப்செசஸ் என்னும் இனத்துள் அப்செசஸ், மசிலியன்ஸ், பொல்லெட்டி என மூன்று துணையினங்கள் உள. இவற்றுள் மசிலியன்ஸ் மக்ரொலைட்டு வகை மருந்துக்குப் பெரும்பாலும் அடங்கும். ஏனையவை பெரும்பாலும் அடங்கா. காரணம் 2009இல் வெளிப்பட்டது. ஈ.ஆர்.எம். 41 எனப்படும் பரம்பரையலகு, மருந்து பற்றும் இடத்தை மாற்றும் நொதியத்தை ஆக்குகின்றது. மசிலியன்ஸில் அவ்வலகின் பெரும்பகுதி அழிந்துள்ளது. ஏனையவற்றிலும், அதன் 28ஆம் இடத்தில் 'ரீ' என்னும் எழுத்து நிற்பின் அது தொழிற்படும்; 'சீ' நிற்பின் தொழிற்படாது. அது தொழிற்படும் கிருமி, மருந்தொடு சேர்த்து வளர்க்கும்போது 3ஆம் நாளில் அடங்கியதுபோலத் தோன்றி, 14ஆம் நாளில் எதிர்த்து நிற்கும். சிகிச்சையோ ஓராண்டுக்கு மேலும் நீள்வது. ஆதலின், அவ்வோரெழுத்தைத் தொடக்கத்திலேயே அறிதல் நோயாளிக்கு எத்துணை உதவியாம்!

இனிச் சுவடிக்கு வருவோம். சி. வை. தாமோதரம்பிள்ளையவர்கள் 1887இற் கலித்தொகையைப் பதிப்பித்தமையை நாம் அறிவோம். பழைய நூல்களைப் பதிப்பிப்போர் பல ஏடுகளை ஒப்புநோக்குவர். இரண்டு ஏடுகளில் ஒரே பிழை ஒரே இடத்திற் காணப்படின், அவை ஒரு மூலத்தினின்றும் பெயர்த்தெழுதப்பட்டவை என ஐயுறுதல் இயல்பு. கிருமியும் பெருகுந்தோறும் தன் ஏட்டைப் பெயர்த்தெழுதுகின்றது. எப்போதாவது ஓரெழுத்துப் பிழைக்கின்றது.

இங்கிலாந்திலே கேம்பிறிட்ஜுக்கு அண்மையிற் பப்வேத் என்னும் ஊரில் அக்காலத்தில் இருந்த மருத்துவமனையில், சிஸ்டிக் பைபுறோசிசு என்னும் பிறவிநோயுடையார் 31 பேரிடம் பெற்ற 168 கிருமி மாதிரிகளின் முழு ஏட்டையும் வாசித்து, 2013இல் முடிபு வெளியிட்டனர். ஏறத்தாழ 50 இலட்சம் எழுத்துக்களுள், வெவ்வேறு நோயாளரின் மசிலியன்ஸ் கிருமிகள் சில பத்துக்கும் குறைந்த எழுத்துக்களாலேயே வேறுபட்டன. நீரினின்றும் மண்ணினின்றும் தனித்தனியே தொற்றுவது என்று முன்னர்க் கருதப்பட்ட நோய், நோயாளரிடையே பரவியிருத்தல் கூடும் என்பது அதனால் தெரிந்தது. 2016இல் 517 நோயாளரின் மாதிரிகளை ஒப்புநோக்கியபோது, ஒரே கிளையைச் சார்ந்த கிருமிகள் பல நாடுகளிற் பரவியிருத்தல் புலனாயிற்று. அவை எவ்வழியாற் பரவுகின்றன என்பது இன்னும் ஆராயப்படுகின்றது. ஆயினும், மருத்துவமனைகள் இந்நோயாளரை ஒருவரினின்றும் ஒருவரைப் பிரித்துவைத்தற்கு இவ்வாராய்ச்சி வலுவான காரணமாயிற்று.

மருந்து என்னும் அதிகாரத்தில் வள்ளுவர், மருத்துவன் முதலிற் செய்யத்தக்கது நோய் இன்னதெனத் துணிதலே என வலியுறுத்தினார். அவ்வறிவுரையின் விரிவே இக்குலமுறை ஆராய்ச்சி. மருத்துவம் பயில விழையும் எம் மாணவர், எழுத்தெண்ணிப் படிக்கும் பழக்கத்தைத் தமிழ் வகுப்போடு விட்டுவிடற்க. அப்பழக்கம் ஓருயிரைக் காக்க நேரினும் நேரும்.