துப்பாக்கி முனையில் ஒரு துண்டுக் குழாய்



கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தோட்டங்களில் வாழ்கிறவர்களுக்குக் காட்டுப் பன்றியைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. 1917-ஆம் ஆண்டில் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர், நம் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில், இந்த நாட்டிலேயே முதன்முறையாக வாணிப அளவில் செம்பனையை நட்டார். அன்று தொடங்கிய செம்பனை இன்று பால்மரம் நின்ற இடத்தையெல்லாம் பிடித்துக்கொண்டது. இளஞ்செடி நட்ட இடத்துக்குப் பன்றி வராமல் இருப்பதில்லை. ஒரே இரவில் அடியைத் தோண்டிக் குருத்தைத் தின்றுவிட்டுப் போய்விடும். அதனால்தான் சிறு தோட்டக்காரர் சிலர் உரிமம் பெற்று வேட்டைத் துப்பாக்கி வைத்திருக்கிறார்கள்.

பன்றிக்கும் பள்ளிக்கூட வாத்தியாருக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். சொல்கிறோம். நம்மிடம் ஆறாம் ஆண்டு வரை படித்த பையன் ஒருவன் இப்போது பட்டறையில் வேலை பழகுகிறான். இரும்பை ஒட்டுவதிலும் கடைசல் இயந்திரத்திலும் கைதேர்ந்தவன். ஒரு நாள் மாலை நம் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"சார், ஒருத்தர் தன் துப்பாக்கியைக் கொண்டு வந்து, குழலைக் கொஞ்சம் அறுத்துவிட்டு முனையிலே ஒரு குழாய் மாட்டித் தரச் சொல்கிறார். 150 வெள்ளி தருவாராம். அவரிடம் லைசன்ஸ் இருக்கிறது சார். அப்புறம் நான் செய்து கொடுத்தால் என்ன தப்பு?"

நல்ல கேள்வி. நம் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் இன்று பட்டறைகளில் வேலை செய்கிறார்கள். அவர்களில் எவனையும் ஒரு நாள் யாராவது இப்படிக் கேட்கக்கூடும். ஆகவே அந்தப் பையனுக்குச் சொன்ன விடையை இன்று உங்கள் எல்லாருக்கும் சொல்ல விரும்புகிறோம்.

முதலில், துப்பாக்கிக் குழலின் முனையில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். விசையை இழுத்ததும் தோட்டாவுக்குள் இருக்கும் மருந்து எரிந்து ஆவியாகிறது. அந்த ஆவி குண்டைத் தள்ளிக்கொண்டு குழல் வழியே பாய்கிறது. குழல் நீளமாக இருந்தால் மருந்தில் பெரும்பகுதி உள்ளேயே எரிந்து முடியும். குழல் குட்டையானால் எரிந்து முடியாத மருந்து வெளியே வந்து எரியும். அப்போது முனையில் பளிச்சென்று தீ தெரியும், ஓசையும் கூடும். குண்டு கடைசியாகத் தொட்டுச் செல்லும் இடம் அந்த முனைதான். அங்கே ஒரு மயிரிழை கோணினாலும் குண்டு கோணிப் போகும்.

இந்த முனையில் பொருத்துவதற்கென்று உலகில் சில கருவிகள் உண்டு. ஒரு வகை, தீயின் வெளிச்சத்தை மறைப்பது. இன்னொரு வகை, ஆவியைப் பக்கவாட்டில் திருப்பித் தோளில் விழும் உதையைக் குறைப்பது. இதனால் பக்கத்தில் நிற்பவர் காதில் ஓசை இன்னும் கடுமையாக அறையும். மூன்றாவது வகை, ஓசையைக் குறைப்பது. அமெரிக்காவில் ஹிராம் பெர்சி மாக்சிம் என்பவர் 1909-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். வேட்டைத் துப்பாக்கிகளில் பலவற்றுக்கு வேறொரு அமைப்பும் உண்டு. குழலின் முனை கண்ணுக்குத் தெரியாத அளவு ஒடுங்கியிருக்கும். சிதறிப் போகும் ரவைகளைச் சற்று ஒன்றாகக் கூட்டி அனுப்புவது அந்த ஒடுக்கமே. குழலை ஓரங்குலம் இரண்டங்குலம் அறுத்தால் அந்த ஒடுக்கமே போய்விடும். பிறகு ரவை பன்றியைச் சுற்றிலும் சிதறும். அடிபட்டும் சாகாத பன்றி மனிதன் மேல் பாயும்.

இதில் நம் மண்ணோடு தொடர்புள்ள கதை ஒன்றும் உண்டு. 1948-ஆம் ஆண்டு ஜூன் மாதம் இந்த நாட்டில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1960 ஜூலை இறுதி வரை அது நீடித்தது. அந்த நாளில் நம் தாத்தா பாட்டிமார் முள்வேலிக்குள் வாழ்ந்தார்கள். தோட்டங்களுக்குக் காவலாகச் சிறப்புக் காவலர்கள் துப்பாக்கியோடு நின்றார்கள். அப்போது மலாயாக் காடுகளில் படைவீரர்களும் காவல் துறையினரும் ஏந்திய துப்பாக்கிகளில் ஒன்றுக்குக் 'காட்டுக் குறுந்துப்பாக்கி' என்ற பொருளில் பட்டப்பெயர் இருந்தது. லீ என்ஃபீல்டு ஐந்தாம் எண் என்பது அதன் முறையான பெயர். 1944 முதல் 1947 வரை பிரிட்டனில் அதைச் செய்தார்கள்.

அடர்ந்த காட்டில் நீண்ட துப்பாக்கி கொடியிலும் கிளையிலும் மாட்டிக்கொள்ளும். அதனால் பழைய நான்காம் எண் துப்பாக்கியின் குழலைக் குட்டையாக்கினார்கள். இரும்பை ஆங்காங்கே செதுக்கி எடுத்து, எடையில் ஏறத்தாழ இரண்டு பவுண்டைக் குறைத்தார்கள். குழல் குட்டையானதும் முனையில் தீ பெரிதாகத் தெரிந்தது. அதை மறைக்க, புனல் போன்ற ஒரு கூம்பை முனையில் பொருத்தினார்கள். எடை குறைந்ததும் உதை கூடியது. அதைத் தாங்க, துப்பாக்கியின் அடிக்கட்டையில் ரப்பர் வைத்தார்கள். ரப்பர், துப்பாக்கிக்கும் தலையணை ஆயிற்று! ஆனால் அந்த ரப்பர் அகலம் குறைந்தது. நாளாக ஆக இறுகியும் போனது. தோளில் விழுந்த உதை அப்படியே இருந்தது. அதோடு, குறி வைத்த இடத்தில் குண்டு விழவில்லை, இன்று ஓரிடம் நாளை ஓரிடம் என்று அலைகிறது என்ற புகாரும் எழுந்தது.

பெரிய ஆலைகள், தேர்ந்த பொறியாளர்கள், அளவுக் கருவிகள், சோதனைக் களங்கள் எல்லாம் இருந்தும், குழலைக் குறைத்து முனையில் ஒன்றைச் சேர்த்தபோது ஒன்றைப் பெற்று மற்றொன்றை இழந்தார்கள். அப்படியிருக்க, அறுக்கும் வாளும் ஒட்டும் கம்பியும் மட்டுமே உள்ள பட்டறையில் என்ன நடக்கும்? ஒட்டும்போது எழும் கடுஞ்சூடு குழலின் இரும்பை வலுவிழக்கச் செய்யும். மாட்டும் குழாய், குழலின் துளைக்கு நேர்க்கோட்டில் அமையாவிட்டால் குண்டோ ரவையோ அதன் சுவரில் மோதும். ஒட்டிய இரும்பின் சிறு துளி உள்ளே தங்கி வழியை அடைத்தால் குழலே வெடிக்கலாம். வெடித்தால் முதலில் போவது சுடுகிறவரின் கையும் கண்ணும்.

சரி, எல்லாம் நேர்த்தியாகவே செய்துவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் தப்பு இல்லையா? இங்கேதான் சட்டம் வருகிறது.

நம் நாட்டில் 1960-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் நடப்பில் உள்ளது. ஆயுதம் என்றால் முழுத் துப்பாக்கி மட்டுமே என்று நம்மில் பலர் நினைக்கிறோம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. துப்பாக்கியின் உறுப்பும் ஆயுதமே. சுடும்போது எழும் ஓசையையோ ஒளியையோ குறைப்பதற்கென்று அமைத்த துணைக் கருவியும் ஆயுதமே. மேசைமேல் கிடக்கும் ஒரு சாண் குழாய், துப்பாக்கியில் மாட்டாமல் இருக்கும்போதே, சட்டத்தின் கண்ணில் ஆயுதம். அதைக் கையில் வைத்திருக்க உரிமம் வேண்டும். செய்வது அதைவிடப் பெரிய குற்றம். ஆயுதம் விற்பதற்கும் பழுது பார்ப்பதற்கும்கூடத் தனி உரிமம் பெற்றவர்கள் இருக்கிறார்கள். மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கும் பட்டறைக்கு அந்த உரிமம் கிடையாது.

உரிமம் இல்லாமல் ஆயுதம் வைத்திருந்தால் அந்தச் சட்டப்படி 7 ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். இதற்கு மேல் 1971-ஆம் ஆண்டில் சுடும் ஆயுதங்களுக்கான கடுந்தண்டனைச் சட்டம் வந்தது. அதன்படி சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருப்பவருக்கு 14 ஆண்டு வரை சிறையும் 6-க்குக் குறையாத பிரம்படியும் உண்டு. 150 வெள்ளிக்கு எதிரே இவற்றை வைத்துப் பாருங்கள்.

"அவரிடம் லைசன்ஸ் இருக்கிறதே" என்றான் பையன். உரிமம் அவர் பெயரில் இருக்கிறது. உன் பெயரில் இல்லை. அந்தத் துப்பாக்கி உன் மேசையில் ஓர் இரவு கிடந்தால், அந்த இரவு அது யார் கையில் இருந்தது? காவல் அதிகாரி கேட்கும் முதல் கேள்வி அதுதான். அதோடு, உரிமம் கொடுத்தது குறிப்பிட்ட ஒரு துப்பாக்கிக்கு. குழலை அறுத்துக் குழாய் மாட்டியபின் உரிமக்காரருக்கே அந்தத் தாள் காப்பாக நிற்காது. கொடுத்த உரிமத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும் அதிகாரமும் காவல் துறைக்கு உண்டு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இளைஞர்கள் கைத்தொலைபேசியில் வெளிநாட்டுப் படங்களைப் பார்க்கிறார்கள். அங்கே ஒருவர் தன் வீட்டுக் கொட்டகையிலேயே குழலைக் கடைந்து, மரை வெட்டி, கருவியை மாட்டிக் காட்டுகிறார். அது அந்த நாட்டுச் சட்டம். நியூசிலாந்தில் வேட்டைக்காரர்கள் ஓசை குறைக்கும் குழாயை வெளிப்படையாகவே பயன்படுத்துகிறார்கள். துப்பாக்கி மலிந்த அமெரிக்காவிலோ, 1934-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதே குழாயை மத்திய அரசிடம் பதிவு செய்ய வேண்டும். ஊருக்கு ஊர் சட்டம் வேறு. பிற நாட்டுப் படத்தைப் பார்த்துவிட்டு நம் ஊர்ப் பட்டறையில் கை வைத்தால், நம் ஊர் நீதிமன்றத்தில்தான் நிற்க வேண்டும்.

அப்படியானால் துப்பாக்கியில் உண்மையாகவே பழுது இருந்தால் என்ன செய்வது? உரிமக்காரர் தாமே, தம் உரிமத்தோடு, உரிமம் வழங்கிய காவல் துறையை அணுகிக் கேட்க வேண்டும். அனுமதி கிடைத்தால், ஆயுதம் பழுது பார்க்க உரிமம் உள்ளவரிடம் கொடுக்க வேண்டும். அனுமதி இல்லையென்றால் அதோடு விட்டுவிட வேண்டும். பன்றி சுடுவதற்கே துப்பாக்கி உரிமம் மட்டும் போதாது. 2010-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வனவிலங்குத் துறையின் உரிமமும் வேண்டும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. உரிமம் வைத்திருந்த பெரியவர் இறந்துவிட்டால், "அப்பாவின் ஞாபகமாக இருக்கட்டும்" என்று துப்பாக்கியைப் பரண்மேல் வைக்காதீர்கள். உடனே காவல் நிலையத்தில் தெரிவித்து ஒப்படையுங்கள். மறுநடவுக்கு மண்ணைக் கிளறும்போது பழைய தோட்டாவோ துருப்பிடித்த குழலோ கிடைத்தால், பிள்ளைகளைத் தொட விடாமல் தகவல் கொடுங்கள். உங்கள் பையன் பட்டறையில் வேலை செய்கிறானா? இரவில் என்ன வேலை, யாருடைய வேலை என்று ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள். சந்தேகப்பட்டுக் கேட்க வேண்டாம்; அக்கறையோடு கேளுங்கள்.

அந்தப் பையன் மறுநாள் துப்பாக்கிக்காரரிடம், "அண்ணே, இது என்னால் ஆகாது. போலீசில் கேட்டுக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டான். அவர் கோபித்துக்கொண்டு போனார். பல வாரம் பட்டறைப் பக்கம் வரவில்லை. பையனின் அம்மா நம்மிடமே வந்து, "நூற்றைம்பது வெள்ளி போச்சே வாத்தியாரே" என்றார். அந்த மாதம் அவர்களுக்கு அது பெரிய தொகைதான். இல்லையென்று சொல்ல மாட்டோம். பிறகு ஒரு நாள் அதே மனிதர் இளஞ்செடிகளைச் சுற்றிக் கம்பி வேலி அடிக்க ஆள் தேடி வந்தார். அந்த வேலையைப் பையனிடமே கொடுத்தார்.

கையில் தொழில் இருப்பது பெரிய செல்வம். எந்த வேலையைச் செய்யலாம், எந்த வேலையை "ஆகாது" என்று சொல்லித் திருப்பி அனுப்ப வேண்டும் என்பதையும் அந்தத் தொழிலோடு சேர்த்தே நம் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்போம்.