லைசன்ஸை நம்பி மயங்காதீர்கள்

இலங்கையின் சாரதி அனுமதிப்பத்திரத்தில் பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம் ஆகியவற்றோடு இரத்த வகைக்கும் ஓர் இடம் உண்டு. விபத்து என்று வந்தால் அந்த ‘பி பொசிட்டிவ்’ உயிரைக் காப்பாற்றும் என்று நம்புகிறவர்கள் ஏராளம். அதே நம்பிக்கையில்தான், சீனி வருத்தம், வலிப்பு, மருந்து ஒவ்வாமை போன்றவற்றையும் விரும்பியவர்கள் லைசன்ஸில் பதித்துக்கொள்ளலாமே என்ற யோசனையும் எழுகிறது. கேட்க நல்ல யோசனைதான். ஆனால் அந்த அட்டை எப்போது, யார் கையில் இருக்கிறது என்று பார்த்தால் கணக்கு மாறிவிடும்.

முதலில் இரத்த வகை. லைசன்ஸைப் பார்த்து எந்த ஆஸ்பத்திரியும் இரத்தம் ஏற்றாது. வகை பிழைத்தால் ஏற்றிய இரத்தமே ஆளைக் கொல்லக்கூடும். அதனால் காயப்பட்டவரின் இரத்த மாதிரி இரத்த வங்கிக்குப் போகும். அங்கே வகை பார்த்து, கொடுக்கப்போகும் இரத்தத்தோடு பொருத்திப் பார்த்த பிறகே பை வரும். அதற்கும் அவகாசமில்லை என்றால் ‘ஓ’ வகை இரத்தத்தைக் கொடுப்பார்கள். வெள்ளவத்தையிலிருந்து களுபோவிலைக்குக் கொண்டுபோனாலும், கொட்டாஞ்சேனையிலிருந்து தேசிய வைத்தியசாலைக்குக் கொண்டுபோனாலும் இதுதான் நடைமுறை.

உண்மையில் உதவும் தகவல் வேறு. காலி வீதியில் ஒருவர் வாகனத்தைத் தாறுமாறாக ஓரங்கட்டுகிறார். வியர்த்துக் கொட்டுகிறது, கை நடுங்குகிறது, பேச்சுக் குளறுகிறது. குடித்திருக்கிறார் என்று சுற்றி நிற்பவர்கள் முடிவு கட்டிவிடுவார்கள். இன்சுலின் போடுகிறவருக்கு இரத்தத்தில் சீனி சட்டென்று இறங்கினாலும் இதே கோலம்தான். இன்னொருவர் தலையில் இலேசாக அடிபட்டு, எழுந்து நின்று பேசுகிறார். அவர் இரத்தம் உறையாமலிருக்க வோபரின் எடுப்பவர் என்றால், மூளைக்குள் இரத்தம் கசிகிறதா என்று உடனே பார்த்தாக வேண்டும். பெனிசிலின் ஒத்துக்கொள்ளாதவர், வலிப்பு மாத்திரை எடுப்பவர் எல்லோருக்கும் இப்படி ஒரு தகவல் இருக்கிறது. அது முதலில் வருகிற கைகளுக்குக் கிடைக்க வேண்டும். 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி இப்போது நாடெங்கும் ஓடும் 1990 சுவசெரிய அம்புலன்ஸ் ஊழியர்களின் கைகள்தான் பெரும்பாலும் அவை.

அப்படியானால் அதை லைசன்ஸிலேயே போட்டுவிட்டால் என்ன?

முதற்சிக்கல், காலம். இலகுரக வாகன லைசன்ஸ் 8 ஆண்டுகளுக்கும், கனரக வாகன லைசன்ஸ் 4 ஆண்டுகளுக்கும் செல்லுபடியாகும். மருந்தோ கிளினிக்குக்குக் கிளினிக் மாறும். நிறுத்திய மருந்தைக் காட்டும் அட்டை, ஒன்றுமே சொல்லாத அட்டையைவிட மோசம். மாற்றலாம் என்றால் வேரஹெரவிலுள்ள மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அலைய வேண்டும். 2022 நெருக்கடியில் அட்டை அச்சிட வழியில்லாமல் இலட்சக்கணக்கானோர் தற்காலிகத் தாளோடு ஓடித் திரிந்தார்கள்.

இரண்டாவது, அட்டை எப்போதும் நம்மிடம் இருப்பதில்லை. தண்டப்பத்திரம் எழுதும் பொலிஸ் லைசன்ஸை வாங்கி வைத்துக்கொள்வது நெடுங்கால வழக்கம். கோட்டையில் மாடிக் கட்டடங்களுக்குப் போனால், வாசல் காவலர் அட்டையை வாங்கிக்கொண்டு பாஸ் தருவார். சிம் வாங்கப் போனாலும், வேலைக்கு விண்ணப்பித்தாலும் அதன் போட்டோப் பிரதி கேட்பார்கள். நோயையும் அதில் பதித்தால், வைத்தியருக்கு முன் இத்தனை பேரும் அதைப் படித்துவிடுவார்கள். வலிப்பு என்று ஒரு சொல்லைப் பார்த்த முதலாளி சாரதி வேலை தருவாரா?

கொழும்புத் தமிழருக்கு இது புதிதல்ல. அட்டையில் இருக்கிற பெயரையும் ஊரையும் வைத்து ஆளை எடைபோட்ட சோதனைச் சாவடிகளைக் கடந்து வந்தவர்கள் நாம். 2007 ஜூன் 7ஆம் திகதி, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை விடுதிகளில் தங்கியிருந்தவர்கள் உட்பட 300க்கும் மேற்பட்ட தமிழர்கள் பஸ்களில் ஏற்றி வெளியேற்றப்பட்டார்கள். மறுநாள்தான் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. அட்டையில் ஏறிய விவரம் யாருக்குப் பயன்படும் என்பதை அட்டைக்காரர் தீர்மானிப்பதில்லை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலை விசேட பாதுகாப்புக்குரிய வகையில் சேர்த்திருக்கிறது. அதை நாமே எல்லோருக்கும் நீட்டிக்கொண்டு திரிந்தால் சட்டத்தால் என்ன ஆகும்?

இதற்காக நோயை மறைக்கச் சொல்லவில்லை. தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகத்தில் சான்றிதழுக்குப் போகும்போது, வலிப்பையும் இன்சுலினையும் வைத்தியரிடம் சொல்லியே ஆக வேண்டும். அங்கே மறைப்பவர் வீதியில் வருகிறவர்களின் உயிரையும் பணயம் வைக்கிறார்.

மற்றபடி வழி எளிது. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் 2002இல் ‘மஞ்சள் புள்ளி’ என்ற திட்டம் தொடங்கியது. காரின் பின்கண்ணாடியில் ஒரு மஞ்சள் ஒட்டி. அதைக் கண்டால் உள்ளே மருத்துவ விவரத்தாள் இருக்கிறது என்று உதவிக்கு வருகிறவர்களுக்குத் தெரியும். லைசன்ஸைத் தொடவே இல்லை.

நாமும் ஒரு துண்டுத் தாளில் நோய், மருந்து, அளவு, ஒவ்வாமை, வீட்டாரின் தொலைபேசி இலக்கம் ஆகியவற்றை எழுதி பர்சில் வைக்கலாம். மருந்துப் பெயர்களைக் கிளினிக் கொப்பியில் உள்ளபடி ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். வருகிற ஊழியருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம். கைபேசியிலும் அவசர மருத்துவத் தகவல் பகுதியை நிரப்பி, பூட்டைத் திறக்காமலே பார்க்கக்கூடியதாக அமையுங்கள். தாளின் மேல் திகதி போடுங்கள். மருந்து மாறிய அன்றே தாளையும் மாற்றுங்கள். திகதி இல்லாத தாளை வைத்தியர் நம்பமாட்டார், நம்பவும் கூடாது.